வீடு வாங்கப் போன இடத்தில் நடந்து, இன்னும் உறுத்துகிற ஒரு சந்திப்பு: உங்கள் அனுபவம்?

நங்கநல்லூர்வாசி

பழைய தனி வீடு, அரை கிரவுண்டுக்குச் சற்று மேல். வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) முப்பது வருடத்துக்கும் சுத்தம். பட்டா காலமான பெரியவர் பெயரில். விற்பவர்கள் அவருடைய இரண்டு மகன்கள். வாரிசுச் சான்றிதழ் மட்டும் 'தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது, வந்துவிடும்' என்று தரகர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தோம். மஞ்சள் பையோடு ஓர் அம்மாள் நேராக என் மனைவியிடம் வந்தார். "வாங்குகிறவர்கள் நீங்கள்தானே? கிணற்றடித் துளசி மாடத்தை இடித்துவிடாதீர்கள். அம்மா வைத்தது" என்றார். யாருடைய அம்மா என்று இவள் கேட்டாள். "எங்கள் அம்மாதான். இவன்கள் இரண்டு பேருக்கும் நான் அக்கா."

பத்திரம் எழுதுபவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டார். தம்பிகள் இருவரும் சுவரைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் சண்டைக்கு வரவே இல்லை. தனக்குப் பங்கு உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் பதிவான ஆவணங்கள்தான் வில்லங்கச் சான்றிதழில் ஏறும். ஒரு வீட்டில் அக்கா இருப்பது எப்படி ஏறும்?

பதிவு நடக்கவில்லை. முன்பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. துளசி மாடம் இருக்கிறதா, தெரியாது.

பல்லாவரம் பக்கம்

இதற்கு இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். வங்கிக் கடனுக்குப் போயிருந்தால் வங்கி வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் கோப்பையே திறந்திருக்க மாட்டார். நான் பார்த்த மனை ஒன்றை, 'நீர்நிலைப் புறம்போக்கை ஒட்டியது, எல்லை தெளிவில்லை' என்று ஒரே வரியில் நிறுத்தினார். விற்க வந்தவர் என்னிடம் கோபித்துக்கொண்டு, குடித்த காபிக்குக்கூடக் காசு கொடுக்காமல் எழுந்து போனார். வங்கி ஒப்புக்கொண்டால் நிம்மதியாக வாங்கலாம். அவ்வளவுதான் விஷயம்.

மடிப்பாக்கம் இரண்டாவது மாடி

பல்லாவரத்தாருக்கு: எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். ஏழு வீடுகளுக்கு வங்கிக் கடன், அதுவும் வெவ்வேறு வங்கிகள். எல்லா வழக்கறிஞர்களும் 'சரி' என்று எழுதிக் கொடுத்தவைதான்.

சங்கக் கூட்டத்தில் மோட்டார் செலவை எப்படிப் பிரிப்பது என்று பேச்சு வந்தது. யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கு, அந்த விகிதப்படி பிரிக்கலாம் என்று முதல் மாடிக்காரர் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எல்லோர் பத்திரத்திலும் உள்ள மனைப் பங்கை வரிசையாக எழுதிக் கூட்டினார். மறுபடி கூட்டினார். மனை 4,800 சதுர அடி. எங்கள் பங்குகளின் கூட்டுத்தொகை 5,200. "யாரோ ஒருவர் ஆகாயத்தில் குடியிருக்கிறார்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

வழக்கறிஞர் ஒவ்வொருவரும் தன் வாடிக்கையாளரின் பத்திரத்தை மட்டும் பார்த்தார். நாளைக்கு உரிமையில் சிக்கல் வந்தாலும் வங்கிக்குத் தவணையைக் கட்டப்போவது நாம்தான். வங்கி நம்மிடம் அனுதாபம் காட்டாது. தனியாக ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள்.

முடிச்சூர் வேண்டாம் என்றவன்

வீடு அருமை, வெளிச்சம், மாடித் தோட்டம். ஆனால் தரைத்தளத்தில் ஒவ்வொரு பிளக் பாயிண்ட்டும் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. குழந்தைகள் கை வைக்காமல் இருக்கத்தான் என்றார் உரிமையாளர். உள்ளேயிருந்து அவருடைய தாயார், "2015இல் பிரிட்ஜ் மிதந்ததே, அதற்கப்புறம் ஏற்றினோம்" என்றார். மகன் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கேட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் தெரிந்திருக்கும். அவருக்கு எந்த வீட்டுப் படி வரை தண்ணீர் வந்தது என்பது அத்துப்படி.

ஓய்வு பெற்ற கடன் பிரிவு

2023இல் ஓர் இளம் தம்பதி கடன் கணக்கறிக்கையோடு வந்தார்கள். அந்தப் பெண், "சார், இரண்டு வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறோம். மீதித் தவணைகள் ஏன் தொடங்கியபோது இருந்ததைவிட அதிகமாக இருக்கின்றன?" என்று கேட்டாள். அந்த முகம் நினைவில் நிற்கிறது.

காரணம் எளிது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் கடனின் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. மாறும் வட்டிக் கடன்கள் அதோடு சேர்ந்து ஏறின. 40 லட்சத்தை 7 சதவீதத்தில் இருபது வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 31,000. வட்டி 9.5 ஆனால் அந்த 40 லட்சத்துக்கு முதல் மாத வட்டியே 31,667. தவணையை ஏற்றாவிட்டால் வருடங்கள்தான் நீளும். 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி, தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடனாளியைக் கேட்க வேண்டும் என்றது. கேளுங்கள். கையில் போனஸ் வந்தால் அசலில் கட்டுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

இன்னொன்று. 60 லட்ச ரூபாய் மறுவிற்பனை வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 48 லட்சம் தரும். 12 லட்சம் கையில் இருந்தால் போதும் என்று வருகிறார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5.40 லட்சம் தனி. அது கடனில் சேராது. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனை என்றால் 2023 டிசம்பரிலிருந்து தீர்வை 50 லட்சம் வரை 4 சதவீதம், மூன்று கோடி வரை 5. விலை 50 லட்சத்தைத் தொட்டாலே விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்டுவதும் வாங்குகிறவர் பொறுப்பு. இதையெல்லாம் யாரும் முதலிலேயே சொல்வதில்லை.

மடிப்பாக்கம் இரண்டாவது மாடி

ஐயா, அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதை எழுதவில்லையே?

ஓய்வு பெற்ற கடன் பிரிவு

மேலாளரைப் பார்க்கச் சொன்னேன். மேலாளர் அன்று விடுப்பு.

அம்பத்தூர் மகள்

அப்பா பல வருடங்களுக்கு முன்பே கடனை அடைத்து, அசல் பத்திரங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இப்போது விற்கப் போனால், வாங்க வந்த பையன் கைப்பேசியில் வில்லங்கச் சான்றிதழைக் காட்டி, "ஆன்ட்டி, வீடு இன்னும் வங்கி அடமானத்தில்தான் இருக்கிறது" என்கிறான். கடன் முடிந்ததும் வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்தால்தான் அந்த அடமானப் பதிவுக்கு முடிவு வருமாம். அப்பா இப்போது இல்லை. கிளையும் வேறு கிளையோடு இணைந்துவிட்டது. பழைய கோப்பைத் தேடுகிறோம் என்கிறார்கள். பையன் இந்த மாதக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறான்.