ஆய்வெழுத்து, ஒப்பெழுத்து: என் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். யார் எழுதியது, உண்மையானதா என்று கேள்வி எழுந்து நிபுணரின் ஆய்வுக்குப் போகும் தாளை ஆங்கிலத்தில் ‘க்வெஸ்சன்ட் டாக்குமென்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழையில் இதுவரை வந்த சொற்கள்: போலி ஆவணம், சந்தேக ஆவணம், சர்ச்சைக்குரிய ஆவணம், தாவா ஆவணம், ஐயெழுத்து (ஐயத்துக்குரிய எழுத்து). கடைசிச் சொல் சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சைவர் காதில் அஞ்செழுத்து என்று விழுந்து தொலைக்கும்.

‘போலி’யை முதலில் தள்ளிவிடலாம். போலியா இல்லையா என்று கேட்டுத்தானே நிபுணரிடம் அனுப்புகிறார்கள்? உறையின் மேலேயே விடையை எழுதி அனுப்பினால் அப்புறம் அவர் எதைப் பார்ப்பார்? ‘சந்தேக’மும் அதே தப்பைக் கொஞ்சம் மெதுவாகச் செய்கிறது. ‘சர்ச்சைக்குரிய’ என்றதும் அமைச்சர் பேச்சு ஞாபகம் வருகிறது. ‘தாவா’ எனக்குப் பிடித்த சொல், கோர்ட் வளாகத்தில் புழங்குவது. ஆனால் அது சிவில் வழக்கோடு நின்றுவிடும். ஆளைக் கடத்தியவன் எழுதிய மிரட்டல் கடிதத்துக்கு ஏது தாவா?

நான் மனுக்களை மொழிபெயர்ப்பவன். என்னைப் படுத்துவது ‘ஆவணம்’ அல்ல, ‘கையெழுத்து’. சிக்னேச்சரும் கையெழுத்து, ஹேண்ட்ரைட்டிங்கும் கையெழுத்து. புரோநோட்டு வழக்கில் பிரதிவாதி வழக்கமாகச் சொல்வது இது: “கையெழுத்து என்னுடையதுதான், மேலே இருக்கிற எழுத்து என்னுடையது இல்லை.” அதாவது வெற்றுத் தாளில் போட்டுக் கொடுத்தேன், தொகையை அவர்கள் நிரப்பிக்கொண்டார்கள் என்கிறார். இந்த மனுவில் ‘கையெழுத்தை ஆய்வுக்கு அனுப்பக் கோரி’ என்று எழுதினால் எதை அனுப்புவது? சட்டத்தில் இரண்டுக்கும் கனம் வேறு. தானாக முன்வந்து கையொப்பமிட்டுக் கொடுத்த காசோலையில் மீதியை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கலைச்சொல்லாக எழுதும்போது சிக்னேச்சருக்குக் கையொப்பம், மற்றதற்கு எழுத்து. பேச்சில் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி என் பரிந்துரை. ஆய்வகத்தில் எந்தத் தாளையும் தனியாகப் பார்ப்பதில்லை, இன்னொன்றோடு வைத்துத்தான் பார்க்கிறார்கள். நம் நாட்டு அறிக்கைகளில் கேள்விக்குள்ளானதற்கு ‘க்யூ’, ஒப்புக்கொண்டதற்கு ‘ஏ’, எழுதவைத்து வாங்கியதற்கு ‘எஸ்’ என்று குறியிடுவார்கள். எனவே சொல்லும் சோடியாக வந்தால் நல்லது. முதலாவது ஆய்வெழுத்து. மற்ற இரண்டுக்கும் பொதுப்பெயர் ஒப்பெழுத்து.

‘ஒப்பு’ என்ற அடியில் ஒப்புக்கொள்வதும் இருக்கிறது, ஒப்பிடுவதும் இருக்கிறது, ஒப்பமும் இருக்கிறது. மூன்றும் இங்கே நடக்கிற வேலைதான். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 72-ஆம் பிரிவு, இரண்டும் பேசுவது இந்த ஒப்பீட்டைப் பற்றித்தான். அதற்குள்ளும் இரண்டு வகையைப் பிரிக்கவேண்டும். தகராறு வருமுன்பே வங்கியிலோ பத்திரத்திலோ எழுதியது முன்னெழுத்து. நீதிபதி முன் எழுதச் சொல்லி வாங்கியது எழுதவைத்த ஒப்பெழுத்து. இரண்டாவதில் ஆள் சுதாரித்துக்கொள்வார். வேண்டுமென்றே மாற்றி எழுதுவார். அப்படி மறைத்து எழுதுவதைக் கரவெழுத்து எனலாம்.

முந்தைய மடலில் ஒப்பெழுத்துக்கு ‘அசல் மாதிரி’ என்று ஒரு யோசனை வந்தது. கூடவே கூடாது. 1983-இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் பத்திரிகை ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று வாங்கி வெளியிட்ட கதை தெரிந்திருக்கும். எழுத்து நிபுணர்கள் பொருந்துகிறது என்றுதான் சொன்னார்கள். பொருந்தாமல் என்ன செய்யும்? நாட்குறிப்புகளைப் போலியாக எழுதியவர் கொன்ராட் குயாவ்; ஒப்பிடக் கொடுத்த தாள்களிலேயே அதே ஆள் எழுதியவை கலந்திருந்தன. கடைசியில் காட்டிக்கொடுத்தது எழுத்தல்ல, தாள்: போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டி அதில் இருந்தது. ஒப்பெழுத்து அசல் என்பதைத் தனியாக நிரூபிக்கவேண்டும், பெயரால் கொடுத்துவிடக் கூடாது.

‘கரவெழுத்து’க்கும் இதே எச்சரிக்கை உண்டு. அது ஆய்வின் முடிவில் வரவேண்டிய சொல், தொடக்கத்தில் அல்ல. பிரெஞ்சுப் படை அதிகாரி ட்ரைஃபஸ் ஓர் உளவுக் கடிதத்தை எழுதினார் என்று குற்றம் சாட்டிய வழக்கில், எழுத்தை ஒப்பிட்ட பெர்த்தியோன் செய்தது நினைவிருக்கிறதா? ஒத்திருந்த இடமெல்லாம் ட்ரைஃபஸ் எழுதியது, ஒவ்வாத இடமெல்லாம் அவரே வேண்டுமென்று மாற்றியது என்றார். அப்படிப் பார்த்தால் யாரும் தப்ப முடியாது.

‘கையெழுத்தியல்’ பற்றி ஒரு வரி. எழுத்தைப் பார்த்துக் குணம் சொல்கிற கிராஃபாலஜிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே ஒட்டிவிட்டது. தடய அறிவியல் துறையினரை அந்தப் பக்கம் தள்ளவேண்டாம்.

மிச்சம் ஒன்று. ஒரே ஆள் நாலு தடவை எழுதினால் நாலும் ஒன்றுபோல் இருக்காது. இந்த ‘வேரியேஷ’னுக்கு மாறுபாடு, இரண்டு ஆட்களைப் பிரித்துக் காட்டும் ‘டிஃபரன்’ஸுக்கு வேறுபாடு என்று வைக்கலாமா? ‘வேறு’ என்றாலே இன்னொன்று என்றுதானே பொருள்? ஆனால் நம்மில் பாதிப்பேர் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறோம். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.