யசீதித் தாயும் அரபு மொழிபெயர்ப்பாளரும்

ஒன்ராறியோவில் புதிதாக வரும் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடங்களில் உதவும் வேலை எனக்கு. சிரியா, ஆப்கானிஸ்தான், கொங்கோ எனப் பல இடத்துப் பெற்றோருடன் பழகியிருக்கிறேன். ஆனால் அதிகம் கற்றுத் தந்தது ஒரு யசீதிக் குடும்பம்தான். யசீதிகள் வட ஈராக்கில் வாழும் ஒரு சிறுபான்மை மதத்தினர்.

2014 ஆகஸ்டில் ஈராக்கின் சிஞ்சார் பகுதியில் ஐ.எஸ். இயக்கம் யசீதி ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போனது. தப்பியவர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் சேர்த்து 1,200 பேரை அழைத்துவர 2017இல் கனடா திட்டமிட்டது. ஒன்ராறியோவிலுள்ள லண்டன், ரொறொன்ரோ, மற்றும் வினிபெக், கல்கரி நகரங்களில் குடியேற்றினார்கள்.

அப்படி வந்த தாய் ஒருவர் பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோப்பில் ஈராக் என்று இருந்ததால் அரபு பேசும் ஆளை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் அன்பானவர்தான். ஆனால் வாயைத் திறந்ததும் தாய் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எதற்கும் பதில் இல்லை. பெரும்பாலான யசீதிகள் வீட்டில் பேசுவது குர்மாஞ்சி, அதாவது குர்திஷ் மொழியின் ஒரு வகை. அவர்களைச் சிறைபிடித்தவர்கள் பேசியது அரபு. இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த நம் அம்மாமாருக்கு முன்னால் ஒரு சிங்கள மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? நாட்டின் பெயரை மட்டும் பார்த்து ஆளை அனுப்புவது எனக்குக் கோபம் வருகிற விஷயம். சேர்க்கைப் படிவம் நிரப்பும்போதே வீட்டில் பேசும் மொழியையும், யாருடன் பேச விருப்பம் என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

அடுத்த முறை தொலைபேசியில் குர்மாஞ்சி பேசும் பெண் ஒருவர் கிடைத்தார். தாய் மளமளவென்று பேசத் தொடங்கினார். மகனுக்கு இரவில் தூக்கம் இல்லை, கதவு மூடியிருந்தால் பயம் என்றார். வகுப்பாசிரியருக்கு அன்று வரை தெரியாத செய்தி அது. ஏப்ரலில் அவர்களுடைய புத்தாண்டு, சிவப்புப் புதன் வருகிறது, முட்டைக்கு நிறம் தீட்டுவோம் என்பதையும் அவரே சொன்னார். அந்த ஏப்ரலில் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் முட்டைக்கு நிறம் தீட்டினார்கள்.

பதில், ஓர் ஆசிரியை:

எங்கள் வகுப்பில் லெபனானிலிருந்து வந்த சிரியப் பிள்ளைகள் இருந்தார்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் சிரியப் பிள்ளைகளுக்கென்று பின்னேர வகுப்பு நடக்கும். அதுவும் எல்லாருக்கும் கிடைக்காது. இங்கே வயதைப் பார்த்து வகுப்பில் போடுவதால், பெருக்கல் தெரியாத பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருப்பான். படிப்பில் மட்டம் என்று எழுதிவிடாதீர்கள், பள்ளிக்கூடமே கிடைக்காத ஆண்டுகள் அவை. பெற்றோர் கூட்டத்துக்கு வராத தகப்பனை அக்கறை இல்லாதவர் என்றும் நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் போனபோது தேநீரும் பலகாரமும் வைத்துவிட்டு, 'படிப்பு விஷயத்தில் ஆசிரியருக்கு நான் என்ன சொல்வது?' என்றுதான் கேட்டார். யாழ்ப்பாணத்தில் என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார்.

இன்னொன்று: ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று பள்ளியைப் பூட்டி ஒளிந்திருக்கும் பயிற்சி நடக்கும் நாளை முன்கூட்டியே அந்தப் பெற்றோருக்கு அவர்கள் மொழியில் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அன்று காலையில் மறுபடி சொல்லுங்கள்.