தை மாத வைக்கோல் ரோடும் பைக் கிளப் பயிற்சியும்

கேள்வி: கும்பகோணத்திலிருந்து திருவையாறுக்குத் தினமும் பைக்கில் போகிறேன். சம்பா அறுவடையில் ரோடெல்லாம் வைக்கோல், பிரேக் பிடிக்கவே பயம். கிளப் பயிற்சியில் இதெல்லாம் சொல்லித் தருவார்களா?

பதில்: தருவோம், கட்டாயம் வாங்க. முதல் பாடமே பிரேக்தான். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. லிவரை மெல்ல அழுத்துங்கள், முன்பக்கம் அமுங்கி எடை டயருக்கு வந்ததும் அழுத்தத்தைக் கூட்டுங்கள். காலி மைதானத்தில் இதையே திரும்பத் திரும்பப் பழக்குவோம். வைக்கோலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன்மேல் வண்டியைச் சாய்க்காமல், பிரேக் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

இன்னொருவர்: 2019 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய 150 சிசி வண்டியா? ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்றுவிடாதபடி தடுக்கும் அமைப்பு) இருக்கும்.

கேட்டவர்: இல்லை, 110 சிசி.

பதில்: அப்போ பெரும்பாலும் சிபிஎஸ்தான் (ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் அமைப்பு). அதில் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஞாயிறு அந்த வண்டியிலேயே வாங்க, ஷூவும் ஹெல்மெட்டும் அவசியம்.