இரண்டு ஆம்ப்ளிஃபையரை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

தந்திநாதம்:
8 ஓம் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். ஒருபக்கம் கிளாஸ் ஏபி ட்ரான்சிஸ்டர் ஆம்ப், மறுபக்கம் வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப். ட்ரான்சிஸ்டரில் பேஸ் இறுக்கமாக இருக்கிறது. வால்வில் பாடும் குரல் முன்னால் வந்து நிற்கிறது. இது ஆம்பின் குணமா, காதின் பிரமையா? எப்படிச் சோதித்தால் நம்பலாம்?

மின்சுற்று:
முதல் வேலை, இரண்டின் சத்தத்தையும் சமன் செய்வது. ஒன்று அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலும் காதுக்கு அது கூடுதல் சத்தமாகத் தெரியாது, கூடுதல் தெளிவாகத்தான் தெரியும். வால்யூம் குமிழில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், இரண்டின் கெயினும் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்கும் என்பது) வேறு வேறு.

1 கிலோஹெர்ட்ஸ் சைன் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே அதன் டெர்மினலில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட் பாருங்கள். ஒன்றில் 2.00 வந்தால் மற்றதில் 1.98க்கும் 2.02க்கும் நடுவில் வரவேண்டும், 0.1 டெசிபல் என்பது அவ்வளவுதான். ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்டில் தொடங்கும் மலிவு மீட்டர் இதற்கு உதவாது, 0.1 வோல்ட்டுக்குக் கீழே அதில் தெரியாது. இடது, வலது இரண்டையும் தனித்தனியே அளந்துவிடுங்கள். குமிழ் அடியில் இருக்கும்போது பல வால்யூம் கன்ட்ரோல்களில் இடது, வலது சேனல்கள் ஒத்துப்போகாது; குரல் ஒருபக்கம் சாய்வதற்கு அதுவே போதும்.

பிறகு வேறொருவர் மாற்றிப்போட, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுச் சொல்லுங்கள். ஒரே பாட்டில் 10, 15 விநாடித் துண்டு போதும். 16 முறையில் 12 சரியாக வந்தால் நம்பலாம்; வெறும் யூகத்தில் அவ்வளவு வர 4 சதவீத வாய்ப்புகூட இல்லை.

ஓம்விதி:
மேலே சொன்னது சரி. ஆனால் இந்த ஜோடியில் வித்தியாசம் உண்மையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். காரணம் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்பின் வெளியீட்டிலேயே இருக்கும் மின்தடை. வோல்ட்டேஜில் ஒரு பங்கு அதிலேயே தங்கிவிடும்; ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறும் இடத்தில் அந்தப் பங்கு குறைந்து, சத்தம் கூடும். 8 ஓம் என்று போட்டிருக்கும் ஸ்பீக்கர் எல்லா ஃப்ரீக்வென்சியிலும் 8 ஓம் இல்லை. ஓரிடத்தில் 6க்கு இறங்கும், இன்னோர் இடத்தில் 30க்கு ஏறும். வால்வ் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் 2 ஓம் என்றால் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 2 டெசிபல் வித்தியாசம் விழும். ட்ரான்சிஸ்டரின் 0.05 ஓமில் அது 0.1 டெசிபல்கூட வராது.

டூ-வே ஸ்பீக்கரில், பேஸ் ட்ரைவரிலிருந்து ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் கிராஸ்ஓவர் பக்கம், 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள், இம்பீடன்ஸ் ஏறுவது வழக்கம். குரல் முன்னால் வருவது அங்கிருந்துதான் இருக்கும். பெட்டியின் ரெசொனன்ஸிலும் ஏறும்; அங்கே பேஸ் புடைத்துத் தளர்வாகும். இதை வால்வின் 'வார்ம்' (இதமான) ஒலி என்று எழுதிவிட்டு நகர்வது எனக்கு உடன்பாடில்லை. ஸ்பீக்கரை மாற்றினால் அந்த 'வார்ம்' வேறு மாதிரி ஆகிவிடும்.

சோதிக்க எளிய வழி: ட்ரான்சிஸ்டர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், சேனலுக்கு ஒன்றாக 2 ஓம், 10 வாட் வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டரை சீரிஸில் போட்டு, மறுபடி சமன் செய்து கேளுங்கள். குரல் அப்படியே முன்னால் வந்தால் விஷயம் வால்வில் இல்லை, இம்பீடன்ஸில்.

தந்திநாதம்:
அருமை சார், ரெசிஸ்டர் போட்டுப் பார்க்கிறேன். மாற்றிக் கேட்க ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்துக்கொள்ளலாமா?

மின்சுற்று:
வைக்கலாம், ஆனால் ஒன்றைத் துண்டித்த பிறகே மற்றதைச் சேர்க்கும் ஸ்விட்சாக இருக்கவேண்டும். ஒரு நொடி இரண்டு அவுட்புட்டும் தொட்டுக்கொண்டாலும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போய்விடும். பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரையும் மாற்றுவதாக எடுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டையுமே ஓட்டும் பிரிட்ஜ் முறை ஆம்பில் மைனஸ் கிரவுண்டு கிடையாது.

வால்வ் ஆம்பை லோடு (ஸ்பீக்கரோ ரெசிஸ்டரோ) இல்லாமல் ஓடவிடவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் உடையும். ஸ்பீக்கர் மற்ற பக்கம் இருக்கும்போது வால்வ் ஆம்பின் அவுட்புட்டில் 8 ஓம், 20 வாட் ரெசிஸ்டர் சேரும்படி ஒயர் செய்யுங்கள். ஸ்விட்ச் மாறும் அந்த இடைவெளியிலும் லோடு வேண்டும் என்பதால், நிரந்தரமாக ஒரு 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டரும் அதன் டெர்மினலில் இருக்கட்டும். மாற்றுவதற்கு முன் பாட்டை நிறுத்திவிடுங்கள்.