சாவி தேடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்: புதையல் தேடும் ஆப் அனுபவங்கள், நாலு பேர் சொன்னது

குளத்தங்கரை

மகாமகக் குளம், ஞாயிறு காலை ஆறரை மணி. யாரோ ஒளித்து வைத்த டப்பாவை, ஆப் காட்டும் இடத்தையும் குறிப்பையும் வைத்துத் தேடுவதுதான் விளையாட்டு. அன்று ஆப்பில் வந்த குறிப்பு இது: "பதினாறு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரும் குளிக்கவில்லை. வடக்கே இருப்பவருக்குப் பின்னால் இரும்பைத் தடவு." பதினாறு மண்டபம் என்று கும்பகோணத்துக்காரனுக்குச் சொல்லவா வேண்டும்? நேரே வடகரைக்குப் போய்க் கம்பி வேலியைத் தடவ ஆரம்பித்தேன்.

எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, "என்ன தம்பி தொலைச்சே?" என்றார். வாய் தானாக "வண்டிச் சாவிம்மா" என்றது. அவர் சரத்தைக் கூடையில் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். விளக்குமாற்றால் புல்லை விலக்கி விலக்கித் தேடினார். நான் குனியும்போதெல்லாம் சட்டைப்பையில் சாவி கிணுகிணுத்தது. காந்தம் ஒட்டிய சின்ன டப்பா கம்பிக்கு அடியில் விரலில் பட்டது. அவர் பக்கத்தில் இருக்க எப்படி எடுப்பது? விட்டுவிட்டு வந்தேன். மூன்று வாரமாக அந்த இடுப்பு வலிதான் ஞாபகத்தில் நிற்கிறது.

தாராசுரத்தான்

எதற்குப் பொய்? போனில் ஒரு விளையாட்டு என்று சொன்னால் முடிந்தது. ஐராவதேசுவரர் கோயிலில் நான் அப்படித்தான் சொன்னேன். அங்கே டப்பா எதுவும் கிடையாது, பார்த்துப் பதிலை டைப் செய்ய வேண்டியதுதான். "தலை ஒன்று, உடம்பு இரண்டு. ஒருவனை மறை, மற்றவன் வருவான்." காவலாளியிடம் படித்துக் காட்டினேன். மனிதர் விறுவிறுவென்று கூட்டிப் போய், உள்ளங்கையால் யானை உடம்பை மூடி, "இப்ப பாருங்க சார், காளை" என்றார். தேடல் இரண்டே நிமிடத்தில் முடிந்தது. மெனக்கெட்டு வந்தது அதற்கா? உண்மை சொன்னாலும் நஷ்டம்தான், ஆனால் இடுப்பு வலிக்காது.

வெண்ணாற்றங்கரை

என் கதை சின்னது. மே மாதம் எழுதிய குறிப்பு, "படித்துறையில் கீழிருந்து மூன்றாவது படி, இடது ஓரம்." நான் போனது ஜூன் கடைசி. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, அடுத்த சில நாளில் கல்லணையும் திறந்தாயிற்று. மூன்றாவது படிக்கு மேல் முழங்கால் தண்ணீர். போனில் அம்பு மட்டும் ஆற்றைக் காட்டிக்கொண்டே இருந்தது.

புதிதாக வருபவர்களுக்குச் சில விஷயம். பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே இரண்டு எண் இருக்கும், இரண்டும் 1 முதல் 5 வரை. ஒன்று கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம், மற்றது போய்ச் சேர எவ்வளவு கஷ்டம். முதல் நாளே 5-க்குப் போகாதீர்கள். அப்புறம், திறந்த வெளியிலேயே போன் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டும், மரத்தடியிலும் மதிலோரத்திலும் இன்னும் மோசம். அதனால் பத்து மீட்டர் என்று வந்ததும் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். போனைப் பார்த்துக்கொண்டே வாய்க்கால் கரையில் நடந்து சேற்றில் விழுந்தவனை எனக்குத் தெரியும் (நானேதான்). சொந்தப் பேனா கொண்டு போங்கள். டப்பாவுக்குள் இருக்கும் தாளில் பெயர் எழுதி, இருந்தது போலவே திருப்பி வையுங்கள். ஈரத் தாளை அப்படியே மூடினால் அடுத்தவருக்குக் கூழ்தான் கிடைக்கும். இந்த விளையாட்டே, ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்று வைத்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கியதால் வந்தது. அடுத்த நாளே ஆரெகானில் ஒருவர் வாளியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை இணையத்தில் போட்டார். அது காட்டு ஓரம். நம்மூரில் ஆளில்லாத இடம் ஏது? கோயிலுக்குள்ளே மட்டும் எதையும் ஒளிக்காதீர்கள்.

பட்டுக்கோட்டைப் பையன்

வெண்ணாற்றங்கரை அண்ணே, மே மாதத்துக் குறிப்பை ஜூனில் தேடியது உங்கள் தப்பு. டெல்டாவில் கீழிருந்து படி எண்ணுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். மேலிருந்து எண்ணிப் போட்டிருந்தால் அவரும் தப்பித்திருப்பார்.

எனக்கு மனோரா, எங்கள் பக்கத்துக் கடலோரக் கோபுரம். டப்பாவில் நாலு இலக்கப் பூட்டு. "பிரெஞ்சுக்காரன் விழுந்தான், சரபோஜி கட்டினார்." நெப்போலியன் என்றதும் வாட்டர்லூ, 1815 என்று திருகினேன். திறக்கவில்லை. உப்புக் காற்றில் பூட்டு துருப்பிடித்திருக்கும் என்று எண்ணெய் வாங்க ஊருக்குள் போய் வந்தேன். மறுபடியும் இல்லை. கல்வெட்டுப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த சிறுவன், "அண்ணா, இதுல 1814-னு போட்டிருக்கு" என்றான். நெப்போலியன் முதல் தடவை பட்டம் துறந்தது அந்த வருஷம்தானே. ஒரு வருஷ வித்தியாசத்துக்கு முப்பது ரூபாய் எண்ணெய்.

வெண்ணாற்றங்கரை

கீழிருந்து என்று எழுதியது நானில்லை தம்பி. குளத்தங்கரை, அந்த டப்பாவை எடுத்தீர்களா இல்லையா?

குளத்தங்கரை

நேற்றுப் போனேன். ஒரு முழம் பூ வாங்கினேன். "சாவி கிடைச்சுதா தம்பி?" என்றார். "கிடைச்சுதும்மா" என்றேன். டப்பா அங்கேயேதான் இருக்கிறது.