பழைய மாருதி 800: ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேனா?

கேள்வி:
அப்பா ஓட்டிய 1998 மாருதி 800. அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் முன்பக்கம் ‘டொக்’ என்கிறது. லோயர் ஆர்ம் புஷ் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கையை வண்டியோடு இணைக்கும் ரப்பர் உருளை) வெடித்துவிட்டது. விரல் வைத்தால் ரப்பர் தூளாக உதிர்கிறது. மெக்கானிக் ரப்பரே போதும் என்கிறார், மகன் பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் மாதிரியான புஷ்ஷைப் போடச் சொல்கிறான். எதைப் போட?

பதில்:
அண்ணாச்சி, ரப்பரே போடுங்க. ரப்பர் தானே முறுக்கிக் கொடுத்து அதிர்வை விழுங்கிவிடும். பாலியூரித்தேன் கெட்டி. ஸ்டியரிங் கச்சிதமாக இருக்கும், ஆனால் ரோட்டில் கிடக்கிற கல்லெல்லாம் சீட்டுக்கு வந்துவிடும். என் வண்டியில் பாலியூரித்தேன் புஷ்ஷை சிலிக்கான் கிரீஸ் வைக்காமல் மாட்டிவிட்டார்கள்; மூன்றே மாதத்தில் பழைய கட்டில் மாதிரி கிரீச்சிட்டது. வீட்டுக்காரி ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள்.

இன்னொரு பதில்:
வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முழுசாக இறுக்க விடாதீர்கள். நாலு சக்கரமும் தரையில் நின்ற பிறகுதான் இறுக்கணும். இல்லையென்றால் புது ரப்பர் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். இன்ஜின் ஆயில் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள், ரப்பருக்கு அது ஆகாது.

கேட்டவர்:
சரி, ரப்பர்தான். ஆயிலும் ஒழுகத்தான் செய்கிறது, அண்ணாச்சி.