மாமாவின் கசெட்

குழு: கோண்டாவில் குடும்பம், லண்டன்

தம்பி: மாமா, லொஃப்டில் இருந்து எடுத்துத் தந்த கசெட்டை ஃபைலாக மாற்றிக் குழுவில் போட்டிருக்கிறேன். ஒரு பாட்டு பாதியில் தொடங்குகிறது, முடிந்ததும் அதே பாட்டு முழுதாக வருகிறது. நாடா பழுதோ?

பெரிய மாமா: நாடாவில் ஒரு பழுதும் இல்லை. 25.9.1978, திங்கட்கிழமை இரவு. பிபிசி ரேடியோ அறிவிப்பாளர் ஜோன் பீல் அந்தப் பாட்டை அடுத்தடுத்து இரண்டு தரம் போட்டார்.

அக்கா: பிபிசியிலா? ஒரே பாட்டையா?

பெரிய மாமா: ஓம். 'டீனேஜ் கிக்ஸ்'. வட அயர்லாந்து டெர்ரிப் பெடியள், அண்டர்டோன்ஸ் என்ற குழு. பெல்ஃபாஸ்டில் 200 பவுணில் பதிந்தது. வெளியிட்டவர் அங்கே ஒரு ரெக்கோர்ட் கடைக்காரர். முதல் தரம் போட்டபோது இரண்டு பொத்தானையும் ஒன்றாக அமத்த வேண்டும், எனக்கு விரல் வழுக்கிவிட்டது. பாதிதான் கிடைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறேன், மனுசன் திரும்பவும் போடுகிறார்!

நான்: அப்போது லண்டனுக்கென்று தனி ரேடியோ இல்லையா மாமா?

பெரிய மாமா: கபிட்டல் ரேடியோ, அலைநீளம் 194 மீட்டர். பகலில் அதுதான் ஓடும். ஆனால் பங்க் என்ற அந்த முரட்டு ரொக் பாட்டுகளைக் கேட்க அதை நம்பி இருக்க முடியாது. கிளாஷ் என்ற பங்க் குழுக்காரர் அதைத் திட்டி 1977இல் 'கபிட்டல் ரேடியோ' என்றே ஒரு பாட்டுப் போட்டார்கள். நானும் அவர்கள் பக்கம்தான், ஆனால் காலையில் எழும்பினால் கை அதைத்தான் திருப்பும். இரவு பத்துக்குப் பிறகு பீல், 247 மீட்டர். எங்கள் பெட்டியில் மீடியம் வேவ் மட்டும்தான். இரவானால் எந்தெந்த நாட்டுக்காரரோ உள்ளே வந்து பேசுவார்கள். பெட்டியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் பீல் திரும்ப வருவார்.

மாமி: ரேடியோக் கதை மட்டும் சொல்கிறார். விக்டோரியா பார்க் போனதையும் சொல்லச் சொல்லுங்கோ.

பெரிய மாமா: அதே ஆண்டு ஏப்ரல் 30. நேஷனல் ஃப்ரண்ட் என்ற வெள்ளை இனவாதக் கட்சி ஆடிய காலம், இனவாதத்துக்கு எதிரான கூட்டம். ட்ரஃபல்கர் சதுக்கத்தில் இருந்து நடந்தே போனோம். கிளாஷ் பாடினார்கள்தான். எனக்குக் கண்ணில் நிற்பது எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் குழுப் பாடகி பொலி ஸ்டைரீன். பல்லில் கம்பி, தகப்பன் சோமாலியர். மேடையில் எங்கள் நிறத்துக்குக் கிட்ட ஒரு பிள்ளை நின்று கத்துகிறது! கிளப்புகளுக்கு நான் போனதில்லை. இரவு பஸ்ஸில் தனியாகத் திரும்பப் பயம்.

தம்பி: எங்கள் தமிழ்ப் பாடகி மாயாவின் (எம்.ஐ.ஏ.) 'பேப்பர் பிளேன்ஸ்' கிளாஷ் பாட்டின் ஒரு துண்டில்தான் நிற்கிறது, தெரியுமோ?

பெரிய மாமா: அந்தக் கிட்டார் வந்த உடனேயே சொன்னேன். உன் மாமிதான் நம்பவில்லை.

நான்: அது சரி, பதினோராவது நிமிடத்தில் ஏன் கந்தசஷ்டி கவசம்?

மாமி: அது என் வேலை. வீட்டில் வேறு கசெட் இல்லை.

பெரிய மாமா: முருகன் வந்து இருந்துவிட்டார். எழும்பச் சொல்ல முடியுமா?

தம்பி: இன்னொன்று. இரண்டாம் தரம் பாட்டு முடிகிற இடத்தில் யாரோ தமிழில் கத்துகிறார்கள். "மச்சான், அந்தக் கூப்பாட்டை நிப்பாட்டு, சோறு ஆறுது."

பெரிய மாமா: வயர் வாங்கக் காசில்லை. மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் புத்தகத்தின் மேல் வைத்துத்தான் பதிந்தேன். அறைச் சத்தம் எல்லாம் விழும்.

நான்: யார் குரல் அது?

அக்கா: அப்பா.

அக்கா: இப்போதுதான் கேட்டேன். அப்பாதான்.

பெரிய மாமா: ஓம் பிள்ளை. டூட்டிங்கில் ஒரே அறையில் இருந்தோம். அன்றைக்குச் சமையல் அவருடைய முறை.

அக்கா: தம்பி, அந்த இடத்தை மட்டும் வெட்டி எனக்கு அனுப்படா. பாட்டையும் கொஞ்சம் சேர்த்தே வெட்டு.

தம்பி: சரி அக்கா, இப்போதே.

பெரிய மாமா: பருப்பு அடிப்பிடித்திருந்தது. நான் சொல்லவில்லை.